காவடிப் படங்களும் டேட்டாக் கணக்கும்

இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் 3 முதல் 5 எம்பி வரும். தைப்பூசம் முடிந்த கையோடு கோயில் தளத்தில் 40 காவடிப் படங்களை எடுத்தபடியே ஏற்றிவிட்டால் அந்த ஒரு பக்கமே ஏறத்தாழ 160 எம்பி கனக்கும். தென்னாப்பிரிக்காவில் அந்தக் கனத்துக்கு விலை உண்டு. சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் அந்நாட்டுப் போட்டி ஆணையம் 2019 டிசம்பரில் டேட்டா விலை பற்றிய இறுதி அறிக்கையை வெளியிட்டது. அதன் பிறகு, 2020 ஏப்ரலில், வோடகாம் என்ற கைப்பேசி நிறுவனம் தன் 1 ஜிபி மாதப் பொதியை 149 ராண்டிலிருந்து 99 ராண்டுக்கு இறக்கியது. அந்த 99 ராண்ட் கணக்கில் பார்த்தாலும் 160 எம்பிக்குப் பதினைந்தரை ராண்ட் ஆகிறது. சின்னப் பொதி வாங்குகிறவர்களுக்கு ஒரு எம்பியின் விலை இன்னும் அதிகம். கையில் காசு குறைவாக இருப்பவர்தான் சின்னப் பொதி வாங்குகிறார் என்பதையும் அதே ஆணையம் சுட்டிக்காட்டியது.

இன்னொன்றும் உண்டு. இங்கே பலர் வாட்ஸ்அப்புக்கு மட்டும் தனிப் பொதி போட்டு வைத்திருப்பார்கள். கோயில் குழுவில் வரும் இணைப்பைத் தட்டியதும் அது வாட்ஸ்அப்பை விட்டு வெளியே போகிறது. பொது டேட்டா கரையத் தொடங்குகிறது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் ஒரு பாட்டி, பேரன் எடுத்த காவடியைப் பார்க்க அந்த இணைப்பைத் தட்டினால், பாதிப் படம் வருவதற்குள் டேட்டா தீர்ந்துவிடக்கூடாது. அதே 40 படங்களை ஒவ்வொன்றும் 150 கேபி அளவுக்குக் கொண்டுவந்தால் மொத்தம் 6 எம்பி. செலவு 60 சென்டுக்குள். பார்க்கிறவர் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. இதை எப்படிச் செய்வது, எங்கே தவறு வரும் என்பதுதான் இந்தப் பதிவு. கோயில், கடை, சங்கம், தமிழ்ப் பள்ளி என்று எந்தத் தளத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் இது பொருந்தும்.

முதலில் வரிசை. அளவு, பிறகு வடிவம் (எந்தக் கோப்பு வகை), கடைசியில்தான் தரம் (எவ்வளவு சுருக்குவது என்று சொல்லும் எண்). பெரும்பாலானோர் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள்: தரத்தை 80, 60, 40 என்று இறக்கிக்கொண்டே போய்ப் படத்தைக் கெடுத்துவிட்டு, இன்னும் ஒரு எம்பி இருக்கிறதே என்று கவலைப்படுகிறார்கள். கனம் பிக்சல்களின் எண்ணிக்கையில் இருக்கிறது.

அளவு

கேமரா கொடுப்பது 4000க்கு 3000, அதாவது 1 கோடியே 20 லட்சம் பிக்சல். பக்கத்தில் அந்தப் படம் உட்காரும் இடமோ கைப்பேசியில் 360 முதல் 412 வரையிலான அகலம். அது பிரவுசர் சொல்லும் அளவு. உண்மையான திரைப் புள்ளிகள் அதைவிட இரண்டு, மூன்று மடங்கு இருக்கும். 360ஐ இரண்டால் பெருக்கினால் 720, மூன்றால் பெருக்கினால் 1080. மூன்று மடங்கு அடர்த்தி உள்ள திரைக்கும் இரண்டு மடங்குப் படமே போதும். அந்த அடர்த்தியில் அதற்கு மேல் உள்ள நுணுக்கத்தைக் கண் பிரித்தறியாது. மேசைக் கணினியில் கட்டுரைப் பகுதியின் அகலம் பெரும்பாலும் 700, 800 என்றே இருக்கும். ஆகவே 480, 800, 1200, 1600 என நான்கு அகலங்கள் எந்தத் தளத்துக்கும் போதும். ஒரே ஒரு அளவுதான் வைக்க முடியும் என்றால் 1200.

1200க்கு 900 என்றால் 10 லட்சத்து 80 ஆயிரம் பிக்சல். தரத்தைத் தொடாமலேயே பதினோரில் ஒரு பங்காகிவிட்டது.

அளவைக் குறைக்காமல் சுருக்க மட்டும் செய்வதில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கேடு இருக்கிறது. கோப்பு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் திரையில் காட்டுவதற்குப் பிரவுசர் அதை முழுசாக விரித்தாக வேண்டும். ஒரு பிக்சலுக்கு 4 பைட். 4000க்கு 3000 படம் விரிந்தால் 48 எம்பி நினைவகம் பிடிக்கும். 1200க்கு 900 என்றால் 4.3 எம்பி. 2 ஜிபி நினைவகம் உள்ள மலிவுக் கைப்பேசியில் இப்படிப் பத்துப் படங்கள் விரிந்தாலே பக்கம் திணறி, தானாகவே மறுபடி முதலிலிருந்து ஏறத் தொடங்கும். மறுபடி டேட்டா போகும். கோப்பு சின்னதுதானே, பிறகு ஏன் பக்கம் இப்படித் திக்குகிறது என்று குழம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஒன்றிரண்டு படங்களுக்கு ஸ்குவூஷ் நல்ல கருவி. கூகிள் குரோம் குழு 2018இல் வெளியிட்டது, இலவசம். பிரவுசருக்குள்ளேயே வேலை செய்வதால் படம் உங்கள் கணினியை விட்டு எங்கும் போவதில்லை. கல்யாணம், கருமாதி போன்ற குடும்பப் படங்களுக்கு நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். படத்தை இழுத்துப் போடுங்கள், ரீசைஸ் பகுதியைத் திறந்து அகலம் 1200 கொடுங்கள், முறை லான்சோஸ்3 என்று இருக்கட்டும், வலப்பக்கத்தில் வடிவத்தையும் தரத்தையும் தேர்ந்தெடுங்கள். நடுவில் உள்ள கோட்டை நகர்த்தினால் அசலும் சுருக்கியதும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். பெரிதாக்கிப் பார்த்து ஏமாறாதீர்கள். 100 சதவீத அளவில் வைத்து ஒப்பிடுவதே நியாயமான ஒப்பீடு.

ஒரு ஃபோல்டர் முழுக்கப் படம் இருந்தால், கட்டளை எழுதி ஓட்டும் இமேஜ்மேஜிக் என்ற கருவி. அதில் செய்ய வேண்டியவற்றின் வரிசை முக்கியம். முதலில் ஆட்டோ-ஓரியன்ட் (படத்தை நிமிர்த்துவது), பிறகு நிறத்தை எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிற எல்லைக்கு மாற்றுவது, பிறகு ரீசைஸ், பிறகு ஸ்ட்ரிப் (படத்துக்குள் இருக்கும் குறிப்புகளை நீக்குவது), கடைசியில் தரம்.

ஏன் இந்த வரிசை? கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படத்தைக் கேமரா பெரும்பாலும் படுக்கையாகவே சேமித்து, 'இதைத் திருப்பிக் காட்டு' என்று எக்ஸிஃப் குறிப்பு ஒன்றை மட்டும் உள்ளே எழுதிவைக்கும். ஸ்ட்ரிப் அந்தக் குறிப்பை அழித்துவிடும். பிக்சல்களைத் திருப்பாமல் குறிப்பை அழித்தால் காவடி எடுத்தவர் பக்கவாட்டில் படுத்திருப்பார். நிறத்திலும் இதே கதைதான். ஐபோன் படங்கள் டிஸ்ப்ளே பி3 என்ற அகன்ற நிற எல்லையில் வருகின்றன. எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றாமல் அந்த நிறக் குறிப்பை அழித்தால் செவ்வந்தி மாலை வாடியதுபோலச் சோர்ந்து தெரியும், குங்குமம் செங்கல் நிறத்துக்குப் போய்விடும். ரீசைஸ் அகலத்துக்குப் பின்னால் 'பெரியது' என்ற கணிதக் குறியைச் சேர்த்தால், ஏற்கெனவே சின்னதாக இருக்கும் படத்தை அது ஊதிப் பெரிதாக்காது. மோக்ரிஃபை என்ற கட்டளை அசல் கோப்பின் மேலேயே எழுதிவிடும் என்பதால், வெளியீட்டுக்கு வேறு ஃபோல்டரைக் குறிப்பிட்டுவிட்டே ஓட்டுங்கள்.

ஸ்ட்ரிப் செய்வதில் கேபி லாபத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. எக்ஸிஃபில் படம் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் புள்ளியும் இருக்கக்கூடும். வீட்டில் எடுத்த பூசைப் படம், பொங்கல் படம், குழந்தையின் பிறந்தநாள் படம் எல்லாம் வீட்டு முகவரியைச் சுமந்துகொண்டு பொதுவெளிக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை.

வடிவம்

ஜேபெக் 1992இல் தரமாக்கப்பட்டது. இன்றும் எல்லாக் கருவியிலும் திறக்கும். 2014இல் மோசில்லா வெளியிட்ட மோஸ்ஜேபெக் என்ற சுருக்கி, அதே ஜேபெக் கோப்பை இன்னும் இறுக்கமாகத் தரும். ஸ்குவூஷில் ஜேபெக் என்று நீங்கள் தேர்ந்தெடுப்பது அதைத்தான். வெப்-பி கூகிள் 2010இல் கொண்டுவந்தது. ஒப்பிடக்கூடிய தரத்தில் ஜேபெக்கைவிட 25 முதல் 34 சதவீதம் சிறியது என்பது கூகிளின் சொந்த அளவீடு. 2020இல் ஆப்பிளின் பிரவுசரான சஃபாரி 14 ஆதரித்த பிறகு வெப்-பியைத் தயங்காமல் பயன்படுத்தலாம். அதைவிடப் புதிய வடிவமான ஏவிஐஎஃப் இன்னும் இறுக்கமானது. குரோமில் 2020 முதல், ஃபயர்ஃபாக்ஸில் 2021 முதல், ஐபோனில் 2022இன் ஐஓஎஸ் 16 முதல் திறக்கிறது. ஆனால் சுருக்குவதற்கு நேரம் பிடிக்கும். பழைய மடிக்கணினியில் நூறு படம் போட்டால் நெடுநேரம் காத்திருக்க வேண்டும்.

ஐபோன் 2017 முதல் சேமிக்கும் ஹெச்ஈஐசி கோப்பை அப்படியே ஏற்றாதீர்கள். குரோமில் அது தெரியாது. ஐபோன் வைத்திருப்பவருக்கு மட்டும் படம் தெரிந்து, மற்ற எல்லாருக்கும் வெற்றுச் சட்டம் தெரிவதற்கு இதுவே வழக்கமான காரணம்.

தர எண்களை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிச் செல்ல முடியாது. ஜேபெக்கில் 80, வெப்-பியில் 80, ஏவிஐஎஃபில் 80 மூன்றும் மூன்று வேறு பொருள்கள். சாதாரணக் கோயில், கடைப் படங்களுக்கு நான் தொடங்கும் இடம்: மோஸ்ஜேபெக் 78, வெப்-பி 76, ஏவிஐஎஃப் 55. அங்கிருந்து படத்தைப் பார்த்து ஏற்றவோ இறக்கவோ செய்யலாம்.

எல்லாப் படமும் ஒரே மாதிரி சுருங்காது. ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இருக்கும் நுணுக்கமான ஏற்ற இறக்கங்களைத் தோராயமாக்குகிறது. வெறும் சுவர், வானம், சமதரையில் விரித்த ஒற்றை நிறச் சேலை இவையெல்லாம் எளிதில் சுருங்கும். மயிலிறகு, பூமாலை, கூட்டம், புல்தரை, டர்பன் விக்டோரியா ஸ்ட்ரீட் சந்தையில் குவித்திருக்கும் மசாலாப் பொடி இவற்றில் கட்டத்துக்குக் கட்டம் நுணுக்கம் மாறிக்கொண்டே இருக்கும். அதே 1200 அகலத்தில் 300 கேபியைத் தாண்டும். அதனால் 'எல்லாப் படமும் 100 கேபிக்குள்' என்று கண்மூடித்தனமாக எல்லை போடுவது தவறு. மயிலிறகுக் காவடிக்கு 280 கேபி கொடுங்கள். கோயில் கோபுரத்துக்குப் பின்னால் நீல வானம் மட்டும் இருந்தால் 90 கேபி போதும். சராசரியில் பார்த்தால் கணக்கு சரியாகிவிடும்.

இரவுப் படங்களின் தொல்லை வேறு. விளக்கு வெளிச்சத்தில் எடுத்த கைப்பேசிப் படத்தில் பொடிப்பொடியாக மணல்போல இரைச்சல் இருக்கும். சுருக்கிக்கு அது இரைச்சல் என்று தெரியாது. நுணுக்கம் என்று நினைத்து ஒவ்வொரு மணலையும் சேமிக்கப் பார்க்கும். சுருக்கும் முன் லேசாக இரைச்சலை நீக்கினால் கோப்பு கணிசமாக இளைக்கும். கார்த்திகை தீபப் படங்களில் வெப்-பிக்கு ஒரு பலவீனமும் உண்டு: கருமையிலிருந்து பொன்னிறத்துக்கு மெதுவாக மாறும் இடத்தில் வளையம் வளையமாகப் பட்டை விழும். அங்கே ஏவிஐஎஃபை, நிறப் படிகள் அதிகமுள்ள 10 பிட்டில் சேமித்தால் பட்டை குறையும். ஆனால் தரத்தை மிகவும் இறக்கினால் ஏவிஐஎஃப் பட்டு நெசவையும் முகத் தோலையும் மெழுகு பூசியதுபோல வழித்துவிடும். சேலைக் கடைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நெசவு தெரியாத சேலைப் படத்தால் விற்பனை ஆகாது.

சிவப்பும் மஞ்சளும்

நம் படங்களுக்கென்றே உள்ள ஒரு சிக்கல் இது. ஜேபெக் படத்தை ஒளியாகவும் நிறமாகவும் பிரிக்கிறது. ஒளியை முழு அளவில் வைத்துக்கொண்டு, நிறத்தை நான்கு பிக்சலுக்கு ஒன்று என்று குறைத்துவிடுகிறது. 4:2:0 என்று கருவிகளில் காண்பது இதுதான். மனிதக் கண் நிறத்தைவிட ஒளியின் ஓரங்களையே கூர்மையாகப் பார்க்கும் என்பதால் பெரும்பாலான படங்களில் இது தெரிவதில்லை. ஆனால் அடர் சிவப்புக்கு ஒளி குறைவு. கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து, அரக்குச் சேலையின் கரை, நெற்றியில் குங்குமம், செவ்வரளி மாலை இவற்றின் ஓரங்களை நிறம்தான் தாங்கி நிற்கிறது. நிறத்தைக் கால்வாசியாக்கினால் ஓரம் கரைந்து வழிகிறது. தரத்தை 80லிருந்து 90க்கு ஏற்றியும் சிவப்பு இன்னும் மங்கலாகவே இருக்கிறதே என்று தோன்றினால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

தீர்வு எளிது. ஜேபெக்காகச் சேமிக்கும்போது சப்சாம்ப்ளிங் என்ற இடத்தில், நிறத்தைக் குறைக்காத 4:4:4 தேர்ந்தெடுங்கள். கிம்ப் என்ற படத்திருத்தும் மென்பொருளில் ஏற்றுமதிப் பெட்டியின் மேம்பட்ட பகுதியில் இருக்கும்; ஸ்குவூஷிலும் மேம்பட்ட அமைப்புக்குள் க்ரோமா என்று இருக்கும். கோப்பு கொஞ்சம் கூடும். தரத்தை இரண்டு மூன்று எண் இறக்கி அதை ஈடுகட்டலாம். தரம் 76இல் 4:4:4, தரம் 88இல் 4:2:0ஐவிடச் சிவப்பு ஓரத்தில் தெளிவாக இருப்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெப்-பியின் இழப்புச் சுருக்கம் 4:2:0 மட்டும்தான் அறியும், வேறு வழி இல்லை. ஷார்ப் ஒய்யூவி என்ற தேர்வைப் போட்டால் ஓரளவு மீளும். ஏவிஐஎஃபில் 4:4:4 உண்டு.

எழுத்தைப் படமாக்காதீர்கள்

சிவப்பு எழுத்து, மஞ்சள் பின்னணி, மூலையில் முருகன், கீழே நேர அட்டவணை. ஆடி மாதக் கூழ் வார்ப்பு என்றாலும் ஈஸ்டர் வாரத்து மாரியம்மன் விழா என்றாலும் அறிவிப்பு இப்படித்தான் வரும், ஒரே ஜேபெக் படமாக. தளத்திலும் அதையே போட்டுவிடுகிறார்கள். எழுத்தின் கூர்மையான ஓரத்தைச் சுற்றி ஜேபெக் எப்போதும் கொசு மொய்ப்பதுபோலக் கறை விடும். சுழியும் வளைவும் நிறைந்த தமிழ் எழுத்தில் அது இன்னும் மோசம். ணகரமும் னகரமும் கைப்பேசியில் ஒன்றாகிவிடும். பார்வை இல்லாதவரின் திரைவாசிப்பான் அதைப் படிக்காது. தேடலில் அகப்படாது. பூசை நேரத்தை நகலெடுத்து அனுப்பவும் முடியாது.

500 சொற்கள் கொண்ட தமிழ் அறிவிப்பை எழுத்தாகவே போட்டால் சர்வர் அனுப்பும்போது சுருக்கிய பிறகு சில கேபிதான். போஸ்டரோ 800 கேபி. இந்தப் பதிவில் சொல்லும் எல்லா வித்தையையும்விட அதிகமாக மிச்சம் பிடிப்பது இந்த ஒரு மாற்றம்தான். நடைமுறையில் தடையாக நிற்பது பெரும்பாலும் எழுத்துரு: அச்சகத்தில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள், நகலெடுத்து ஒட்டினால் குப்பையாக வரும். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் இலவச மாற்றிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. அச்சகத்திடம் போஸ்டரோடு மூல எழுத்துக் கோப்பையும் கேட்டு வாங்கிவிடுங்கள். உணவகங்களும் இதைச் செய்யலாம். பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறி) விலைப்பட்டியலைப் படமாக வைத்தால் விலை மாறும் ஒவ்வொரு முறையும் புதுப் படம் செய்ய வேண்டும்.

போஸ்டரைப் படமாக வைத்தே ஆக வேண்டும் என்றால், தட்டையான நிறங்கள் மட்டும் இருக்கும் பட்சத்தில் பிஎன்ஜி. அதையும் பிஎன்ஜிகுவான்ட் என்ற கருவி கொண்டு 256 நிறத்துக்குக் குறையுங்கள். இழப்பில்லா வெப்-பி அதைவிடவும் சிறிதாகலாம். மாறாக, புகைப்படத்தைப் பிஎன்ஜியாகச் சேமிப்பது பெரும் வீண். 1200க்கு 900 படமே ஒன்றரை எம்பியைத் தாண்டிவிடும். சின்னம், ஓம் குறி, வேல் போன்ற கோட்டு வரைவுகளுக்கு, கோடுகளாகவே சேமிக்கும் எஸ்விஜி வடிவம்.

பக்கத்தில் வைக்கும் முறை

நான்கு அகலங்களில் படம் செய்துவிட்டீர்கள். எதை எடுத்துக்கொள்வது என்று பிரவுசருக்குச் சொல்வது, பக்கத்தின் நிரலில் படத்துக்கு எழுதும் எஸ்ஆர்சிசெட் என்ற பண்பு. அதோடு சைஸஸ் என்ற பண்பையும் கொடுக்க வேண்டும், பலர் விட்டுவிடுவது இதைத்தான். சைஸஸ் இல்லாவிட்டால் இந்தப் படம் திரையின் முழு அகலத்துக்கும் காட்டப்படும் என்று பிரவுசர் எடுத்துக்கொள்ளும். மூன்று பத்தியாக அடுக்கிய படத்தொகுப்பில் ஒவ்வொரு படத்துக்கும் தேவைக்கு மூன்று மடங்கு அகலமான கோப்பு இறங்கும். எஸ்ஆர்சிசெட் போட்டும் எடை குறையவில்லை என்றால் இங்கே பாருங்கள். ஏவிஐஎஃப், வெப்-பி, ஜேபெக் மூன்றையும் கொடுக்க பிக்சர் குறிச்சொல். அதில் ஏவிஐஎஃப் முதலில் வர வேண்டும். பிரவுசர் மேலிருந்து பார்த்து, தனக்குத் தெரிந்த முதல் வடிவத்தை எடுத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் இரண்டையும் எழுதுங்கள். எழுதினால் படம் வரும் முன்பே பிரவுசர் இடம் ஒதுக்கிவைக்கும், படித்துக்கொண்டிருக்கும் வரி தாவிக் குதிக்காது. எழுதாமல் சோம்பேறி ஏற்றத்தை, அதாவது லோடிங் பண்பில் லேசி என்பதை, மட்டும் போட்டால் இன்னொரு கோளாறு வரும். படங்கள் எல்லாம் உயரம் பூஜ்யமாக நெருங்கி நிற்பதால், அத்தனையும் திரைக்குள்ளேயே இருப்பதாக எண்ணிப் பிரவுசர் எல்லாவற்றையும் ஒரேயடியாக இறக்கிவிடும்.

பக்கத்தின் தலைப்பில் இருக்கும் முதல் பெரிய படத்துக்கு மட்டும் லேசி போடவே கூடாது. கூகிள் அளக்கும் எல்சிபி, அதாவது பக்கத்தின் மிகப் பெரிய பகுதி கண்ணுக்குத் தெரியும் நேரம், இரண்டரை விநாடிக்குள் இருக்க வேண்டும். லேசி போட்டால் பக்கத்தின் அமைப்பைக் கணக்கிட்டு முடித்த பிறகே அந்தப் படத்தைக் கேட்கப் போகும். அந்த முதல் படத்துக்கு, இதை முந்தி இறக்கு என்று சொல்லும் ஃபெட்ச்பிரையாரிட்டி ஹை கொடுங்கள், 150 கேபிக்குள் வையுங்கள். தள வேகத்தை அளக்கும் கூகிளின் லைட்ஹவுஸ் கருவி, கைப்பேசிச் சோதனையில் எடுத்துக்கொள்ளும் வேகம் விநாடிக்கு 1.6 மெகாபிட். அந்த வேகத்தில் 4 எம்பி படம் இறங்க 20 விநாடி. 150 கேபி படத்துக்கு முக்கால் விநாடி.

மெதுவான இணைப்புக்கு இன்னும் ஒரு விஷயம். ப்ரொக்ரெசிவ் ஜேபெக் முதலில் முழுப் படத்தையும் மங்கலாகக் காட்டி, வர வரத் தெளிவாகும். வெப்-பி மேலிருந்து கீழாக இறங்கும். ஏவிஐஎஃப் பெரும்பாலும் முழுதும் வந்த பிறகே தெரியும். மின்வெட்டு நேரத்தில் கைப்பேசிக் கோபுரத்தின் பேட்டரி தீர்ந்து நெட்வொர்க் தடுமாறும்போது இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். அதனால் தலைப்புப் படத்துக்கு மட்டும் ப்ரொக்ரெசிவ் ஜேபெக்கை வைத்துக்கொண்டு, கீழே உள்ள தொகுப்புக்கு ஏவிஐஎஃப் கொடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

தலைப்பில் சுழலும் ஸ்லைடரை எடுத்துவிடுங்கள். ஐந்து படத்தில் நான்கைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை, ஆனால் ஐந்துக்கும் காசு கொடுக்கிறார்கள். கைப்பேசியில் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் நிரல்) கொண்டு மறைத்துவைத்த படமும் இறங்கத்தான் செய்யும். விளக்குச் சுடர் ஆடும் ஜிஃப் இருந்தால் அதை ஒலியற்ற எம்பி4 வீடியோவாக மாற்றுங்கள்.

வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்களுக்கு

தளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸ், பாதி வேலையைத் தானே செய்கிறது. 2015இன் 4.4 பதிப்பிலிருந்து எஸ்ஆர்சிசெட், 2020இன் 5.5இலிருந்து லேசி, 2021இன் 5.8இலிருந்து வெப்-பி ஏற்றம், 2024இன் 6.5இலிருந்து ஏவிஐஎஃப். 2560 பிக்சலைத் தாண்டிய படத்தைத் தானே அந்த அளவுக்கு இறக்கிக்கொள்ளும். ஏற்றிய ஒவ்வொரு படத்துக்கும் 300, 768, 1024, 1536, 2048 என்று பிரதிகள் செய்து வைக்கும். ஜேபெக்குக்கு அது எடுத்துக்கொள்ளும் தரம் 82. இருந்தும் பக்கம் கனப்பது ஏன் என்றால், படத்தைச் செருகும்போது 'முழு அளவு' என்பதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 'பெரியது' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தீம் படத்தைச் சிஎஸ்எஸ் பின்னணியாக வைத்தால் எஸ்ஆர்சிசெட் வேலை செய்யாது; பிரவுசர் அதைத் தாமதமாகவும் கண்டுபிடிக்கும். சுருக்கும் பிளகின் இரண்டை ஒன்றாகப் போடாதீர்கள். ஒன்று சுருக்கியதை இன்னொன்று மறுபடி சுருக்கி, கட்டம் கட்டமாகத் தெரியத் தொடங்கும்.

அந்த இரட்டைச் சுருக்கம் நம்மிடம் அதிகம் நடப்பது வாட்ஸ்அப் வழியாக. கோயில் குழுவில் வந்த படத்தைச் சேமித்துத் தளத்தில் ஏற்றுகிறோம். சாதாரணமாக அனுப்பிய படத்தை வாட்ஸ்அப் நீள்பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குக் குறைத்து ஏற்கெனவே சுருக்கியிருக்கும். அதை மறுபடி தரம் 70இல் சுருக்கினால் கெடும், அவ்வளவு லாபமும் இருக்காது. படம் எடுத்தவரிடம், "அண்ணா, டாக்குமென்ட்டா அனுப்புங்க" என்று கேளுங்கள்; அசல் அப்படியே வரும். கேட்டும் கிடைக்காவிட்டால், வந்த படத்தை அகலம் 1200க்கு மட்டும் இறக்கி, தரத்தை 82க்குக் கீழே போகாமல் வையுங்கள்.

தளத்தின் இணைப்பை வாட்ஸ்அப்பில் பகிரும்போது வரும் முன்னோட்டப் படத்துக்கு 1200க்கு 630 அளவில் ஒரு ஜேபெக் தனியாகச் செய்யுங்கள், 300 கேபிக்குள். அங்கே ஏவிஐஎஃப் கொடுத்தால் பெரும்பாலும் முன்னோட்டமே வராது.

கோப்புப் பெயரைத் தமிழில் வைக்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்துகளாக விரியும். பழைய மேக் கணினிகள் ஒகர, ஓகாரக் குறிகளை இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும். சர்வர் சேர்ந்த வடிவில் தேடும். பெயர் ஒன்றுபோலவே தெரிந்தாலும் கோப்பு இல்லை என்று 404 வரும். பெயரை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வைத்துவிட்டு, திரைவாசிப்பான் படிக்கும் ஆல்ட் விளக்கத்தைத் தமிழில் எழுதுங்கள்: 'தைப்பூசத்தன்று பால்குடம் ஏந்திச் செல்லும் பெண்கள்'. 'படம் 12' என்று எழுதுவது யாருக்கும் உதவாது.

படங்களைப் பிரவுசர் ஒரு வருடம் சேமித்துவைக்கும்படி சர்வரில் கேஷ்-கன்ட்ரோல் மேக்ஸ்-ஏஜ் 31536000 கொடுங்கள். இரண்டாம் முறை வருகிறவருக்கு டேட்டாவே செலவாகாது. ஆனால் படத்தை மாற்றும்போது அதே பெயரில் மேலெழுதினால் பழைய படமே தெரிந்துகொண்டிருக்கும். பெயரின் கடைசியில் ஓர் எண்ணைக் கூட்டிவிடுங்கள். சர்வர் ஐரோப்பாவில் இருந்தால் ஒவ்வொரு கேள்விக்கும் 150 மில்லி விநாடிக்கு மேல் போய்வரும் நேரம் உண்டு. 2024 மார்ச்சில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரக் கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது அந்த வழி இன்னும் மோசமானது. தளத்தின் பிரதியைப் பல ஊர்களில் வைத்து அனுப்பும் சேவையான கிளவுட்ஃப்ளேருக்கு ஜோகன்னஸ்பர்க், கேப் டவுன், டர்பன் மூன்று இடத்திலும் மையம் உண்டு. இலவசக் கணக்கிலேயே படங்களை அருகிலிருந்து அனுப்ப வழி செய்யலாம்.

எல்லாம் முடிந்ததும் குரோமில் டெவ்டூல்ஸ் என்ற சோதனைப் பலகையைத் திறந்து, நெட்வொர்க் பகுதியில் படங்களை மட்டும் வடிகட்டி, முன்பு சேமித்ததைப் பயன்படுத்தாதபடி கேஷை நிறுத்திவிட்டு, வேகத்தை மெதுவான 4ஜி என்று வைத்துப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். அளவு வரிசையில் அடுக்கினால் எந்தப் படம் கனக்கிறது என்று மேலேயே தெரியும்; பெரும்பாலும் இரண்டு மூன்று படங்கள்தான் பாதி எடையைச் சுமந்துகொண்டிருக்கும். அவற்றை மட்டும் சரிசெய்யுங்கள். அசல் படங்களை அழித்துவிடாமல் தளத்துக்கு வெளியே ஒரு ஹார்ட் டிஸ்கில், ஆண்டும் விழாவும் பெயராக இட்டு வையுங்கள். நாளை புது வடிவம் ஒன்று வந்தால் அசலிலிருந்துதான் மறுபடி செய்ய வேண்டும். சுருக்கியதிலிருந்து எடுக்க முடியாது.